ஃபாலோ ஆபரேஷன் செய்த மகளுக்கு இப்போது வால்வு மாற்றச் சொல்கிறார்கள், தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. 4 வயதில் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதய நோய்க்கு ஆபரேஷன் நடந்தது. ‘முழுசா சரியாயிடுச்சு’ என்று சொல்லி அனுப்பினார்கள். 10 வயதுக்குப் பிறகு நாங்கள் செக்கப்புக்குப் போகவில்லை. போன மாதம் காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று எக்கோ எடுக்கச் சொன்னார். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வலது கீழறையின் அளவு 168, சுருங்கும்போது 84, கசிவு 46 சதவீதம் என்று இருக்கிறது. நுரையீரல் வால்வை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? எந்த வால்வு நல்லது? நெஞ்சைத் திறக்காமல் செய்ய முடியாதா?

பதில்: அம்மா, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் சரியாக எடுக்கப்பட்டவை என்றால், கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். அடுத்த வாரமே அட்மிட் ஆக வேண்டிய அவசரமும் இல்லை. பரீட்சை இருந்தால் அதை முடித்துவிட்டு, வேறொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்டுவிட்டு, சில மாதங்களுக்குள் செய்துகொள்ளலாம். நான் 24 வருடமாகக் குழந்தைகள் இதயப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். அவளை நேரில் பார்த்தவர்கள் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அது புரியாமல் எந்தத் தாயும் மகளை இரண்டாம் முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பச் சம்மதிக்க மாட்டாள்.

‘முழுசா சரியாயிடுச்சு’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்கு அதைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஃபாலோ நோயில் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே பெரிய ஓட்டை இருக்கும். நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகியிருக்கும். கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போவதால் உதடும் நகமும் நீலமாகும். உங்கள் மகள் சின்ன வயதில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆபரேஷனில் ஓட்டையை அடைத்தார்கள், குறுகிய வழியைத் திறந்துவிட்டார்கள். நீலம் போனது, பிள்ளை பிழைத்தது. அந்தக் குறுகல் வால்வின் வளையம் வரைக்கும் இருந்தால், வளையத்தையே வெட்டி ஒரு ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆபரேஷன் குறிப்பில் ‘டிரான்ஸ்ஆன்யுலர் பேட்ச்’ என்று எழுதியிருந்தால் அதுதான் இது. வளையத்தை வெட்டிய பிறகு அங்கே மூடித் திறக்கிற வால்வு என்று ஒன்று இருக்காது.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஃபுட் வால்வு தெரியும். அது பழுதானால் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வயலுக்குப் போகிற தண்ணீர் மட்டும் குறைந்துவிடும். உங்கள் மகளின் வலது கீழறை 15 வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. கசிவு 46 சதவீதம் என்றால், நுரையீரலுக்கு 100 மில்லி தள்ளினால் 46 மில்லி அதே துடிப்பிலேயே திரும்பி வந்துவிடுகிறது என்று அர்த்தம். வந்த ரத்தத்துக்கு இடம் கொடுக்க அறை பெரிதாகிறது. வலது கீழறை அமைதியாகச் சுமக்கிற தசை. கூடுதல் ரத்தத்தை 10 வருடம், 20 வருடம் முணுமுணுக்காமல் தாங்கும். அதனால்தான் அந்தக் காலத்து அறுவை நிபுணர்கள் இந்தக் கசிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1954ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை முதன்முதலாக ஒரு ஃபாலோ சிறுவனின் இதயத்தைத் திறந்து சரிசெய்தபோது இதய நுரையீரல் இயந்திரம்கூட அவர்களிடம் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த இன்னொரு மனிதரின் இதயமும் நுரையீரலும்தான் அந்தப் பையனுக்கு இயந்திரமாக இருந்தன. அந்த நிலையில் பிள்ளை உயிரோடு வீட்டுக்குப் போவதுதான் வெற்றி. 30 வருடம் கழித்து என்ன ஆகும் என்பது அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, சிலருக்குப் படபடப்பு வந்து, சிலர் திடீரென்று இறந்த பிறகுதான் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்தது. 1995ல் லண்டனிலிருந்து வந்த ஒரு முக்கியமான ஆய்வு, இ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். அகலம், அதாவது கீழறைகளில் மின்சைகை பரவ எடுக்கும் நேரம், 180 மில்லி செகண்டைத் தொட்டவர்களுக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அறை விரிய விரிய இந்த அகலமும் கூடும். உங்கள் மகளின் இ.சி.ஜி.யில் இந்த எண் என்ன என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதில் அது இல்லை.

இனி ‘ஒரு தொந்தரவும் இல்லை’ என்பதற்கு வருகிறேன். இந்த நோயில் நான் அதிகம் கேட்டதும், குறைவாக நம்புவதும் இந்த வாக்கியத்தைத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான், 21 வயது. “சார், நான் நார்மல். கிரிக்கெட்கூட ஆடுறேன்” என்றான். எக்கோ அறை இரண்டாவது மாடியில். லிப்ட் வேண்டாம், நடந்தே போவோம் என்று கூட்டிக்கொண்டு போனேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்று போனை எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் ஏறி, திரும்பவும் நின்று போனைப் பார்த்தான். போனில் ஒன்றும் வரவில்லை. பின்னால் வந்த அவன் அம்மா, “அவன் எப்பவுமே இப்படித்தான் சார், மெதுவா வருவான்” என்றார். அவனுக்குத் தன் மூச்சு வாங்குவது தெரியாது, ஏனென்றால் வேறு மாதிரி மூச்சு விட்டு அவனுக்குப் பழக்கமே இல்லை. கிரிக்கெட்டில் அவன் எப்போதும் விக்கெட் கீப்பர்.

பிறவியிலிருந்தே இதய நோய் உள்ளவர்கள் வாழ்க்கையைத் தங்கள் இதயத்துக்கு ஏற்ற மாதிரி அளவாக வெட்டித் தைத்துக்கொள்கிறார்கள். எந்தப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை, எந்தத் தோழியோடு நடந்தால் வேகம் சரியாக இருக்கும் என்றெல்லாம் அவர்களுக்கு யோசிக்காமலே வந்துவிடும். அதனால் கேள்விக்கு வரும் பதிலைவிட அளவை நம்புவது நல்லது. டிரெட்மில்லில் நடக்கவைத்து, முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் காற்றையும் அளக்கும் ஒரு சோதனை உண்டு. அதை ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். அவளுக்கு உண்மையிலேயே தொந்தரவு இல்லையா என்பது அதில் தெரியும். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

சரி, 168 என்பது எவ்வளவு மோசம்? அது அறை முழுக்க நிரம்பியிருக்கும்போது உள்ள கொள்ளளவு. உடலின் பரப்பளவால் வகுத்துச் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லி என்று. அவள் வயதுப் பெண்ணுக்கு 100ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டியது. 2020ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், கசிவு கடுமையாக இருந்து, நிரம்பிய அளவு 160ஐத் தாண்டினாலோ, சுருங்கிய அளவு 80ஐத் தாண்டினாலோ, தொந்தரவு இல்லாவிட்டாலும் வால்வு மாற்றுவதை யோசிக்கலாம் என்கிறது. உங்கள் மகள் இரண்டையும் தாண்டியிருக்கிறாள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், வால்வு வைத்த பிறகு யாருடைய அறை திரும்பச் சுருங்கியது, யாருடையது சுருங்கவில்லை என்று பார்த்ததிலிருந்து. 170க்கு மேல் போன பிறகு வால்வு வைத்தால் அறை பழைய அளவுக்குத் திரும்புவது கடினம். ரப்பர் வளையலை ஓரளவு இழுத்தால் விட்டதும் பழையபடி ஆகிவிடும். அதிகம் இழுத்து நாள்கணக்கில் வைத்திருந்தால் தொளதொளவென்று அப்படியே நின்றுவிடும்.

அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வால்வு மாற்றினால் அறை சுருங்குகிறது, பெரும்பாலானவர்களுக்கு மூச்சு எளிதாகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆயுள் கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வைக்கிற வால்வும் நிரந்தரமானது இல்லை. அதனால்தான் 10 வயதிலேயே மாற்றிவிடுவதில்லை. சீக்கிரம் வைத்தால் வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷன் கூடுதலாகச் சேரும், தாமதமாக வைத்தால் தசை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. உங்கள் மகள் இப்போது அந்த ஜன்னலில் நிற்கிறாள். எம்.ஆர்.ஐ. அளவில் அளப்பவரைப் பொறுத்துக் கொஞ்சம் வித்தியாசம் வரும் என்பதால், பிறவி இதய நோய் எம்.ஆர்.ஐ. பார்த்துப் பழகிய ஒருவரிடம் அதே எம்.ஆர்.ஐ. பதிவுள்ள டிஸ்க்கைக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் எனக்குப் பெரிய கவலை கர்ப்பம்தான். கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும். ஏற்கெனவே விரிந்திருக்கும் வலது அறைக்கு அந்தச் சுமையைக் கொடுத்தால் கால் வீக்கம், மூச்சுத் திணறல், துடிப்புக் கோளாறு எல்லாம் வரலாம். முதலில் வால்வு, அப்புறம் குழந்தை என்ற வரிசைதான் பாதுகாப்பானது. நல்ல நிலையில் உள்ள ஃபாலோ பெண்கள் பலர் சிக்கலில்லாமல் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று: ஃபாலோ உள்ளவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருக்கும். அது இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு அதே குறை போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் குழந்தைக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 3, 4 சதவீதம் அளவுதான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மறைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெண் மாதா மாதம் மருந்து வாங்குவதும் செக்கப்புக்குப் போவதும் திருட்டுத்தனமாகிவிடும். கடைசியில் போவதையே நிறுத்திவிடுவாள். என்னிடம் மிக மோசமான நிலையில் திரும்பி வந்த பெண்கள் பெரும்பாலும் அப்படி நிறுத்தியவர்கள்.

எந்த வால்வு என்பதற்கு அவளுடைய வயதும் வால்வு இருக்கும் இடமும் சேர்ந்து பதில் சொல்கின்றன. உலோக வால்வு தேய்வதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் வழிகாட்டுதலில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்ட சித்ரா வால்வு நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட எத்தனையோ நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அவையெல்லாம் இதயத்தின் இடது பக்கத்துக்கு, அழுத்தம் அதிகமுள்ள இடத்துக்கு. நுரையீரல் வால்வு இருக்கும் வலது பக்கத்தில் அழுத்தம் குறைவு, ரத்தம் மெதுவாகப் போகும். அங்கே உலோகத்தை வைத்தால் ரத்தம் உறைந்து கட்டியாகும் பயம் கூடுதல். வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். பரிசோதனை என்று அலைய வேண்டும். அந்த மாத்திரை கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிசுவைப் பாதிக்கவும் கூடும். 19 வயதுப் பெண்ணுக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மனிதரிடமிருந்து தானமாகப் பெற்ற வால்வு அருமையானது, இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆக, மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றி வால்விலிருந்தோ செய்த திசு வால்வுதான் பெரும்பாலும் வைப்பார்கள். சைவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் தயங்கித் தயங்கி இதைக் கேட்பார்கள். தயங்க வேண்டாம், முன்கூட்டியே சொன்னால் மாட்டா பன்றியா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. இந்த வால்வுக்கு வார்ஃபரின் நீண்ட காலம் தேவைப்படாது. சில மாதங்கள் ஆஸ்பிரின் போன்றவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். உழைப்பது 10 முதல் 15 வருடம். சின்ன வயதில் வைத்தால் சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும்.

அதாவது அவளுடைய 30களில் இன்னொரு வால்வு தேவைப்படலாம். அதனால் அறுவை நிபுணரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, வைக்கப்போகும் வால்வின் சைஸ். இடம் அனுமதித்தால் 25 அல்லது 27 மில்லிமீட்டர் வால்வு வைத்தால், அது பழுதாகும் நாளில் நெஞ்சைத் திறக்காமலே, தொடை ரத்தக்குழாய் வழியாக அதற்குள்ளேயே புது வால்வைச் செருகிவிடலாம். 21 வைத்துவிட்டால் உள்ளே செருகும் வால்வு இன்னும் சிறியதாகி, மூச்சு வாங்கும். இன்றைய ஆபரேஷனிலேயே அடுத்ததற்கும் வழி வைக்க வேண்டும்.

இப்போதே தொடை வழியாக முடியாதா என்கிறீர்கள். சிலருக்கு முடியும். 2000ஆம் ஆண்டில் பாரிஸில் ஃபிலிப் பான்ஹோஃபர் மாட்டின் கழுத்து ரத்தக்குழாயிலுள்ள வால்வை ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய்க்குள் தைத்து, 12 வயதுப் பையனுக்குக் கத்தி வைக்காமல் பொருத்தினார். அதுதான் பிறகு மெலடி வால்வு ஆனது. ஆனால் அது உட்கார ஒரு கெட்டியான குழாயோ பழைய வால்வோ வேண்டும், அகலமும் 22, 24 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஒட்டுப்போட்டிருந்தால், அப்படி அகலப்படுத்திய இடம் தொளதொளவென்று 30 மில்லிமீட்டரையும் தாண்டியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காகவே வீனஸ்-பி, ஹார்மனி போன்ற பெரிய வால்வுகள் பின்னர் வந்தன. குஜராத்தின் வாபியில் செய்யப்படும் மைவால் என்ற இந்திய வால்வையும் இந்த இடத்தில் பொருத்துகிறார்கள். சி.டி. ஸ்கேனில் வழியின் வடிவத்தைப் பார்த்துத்தான் பொருந்துமா என்று சொல்ல முடியும். இன்னொரு தடையும் உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய் அந்த இடத்துக்கு ஒட்டியே போனால், வால்வு விரியும்போது அதை நசுக்கிவிடும். அதனால் முதலில் அங்கே ஒரு பலூனை ஊதி, அதே நேரம் கரோனரியில் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். நசுங்குகிறது என்றால் அந்த வழியை விட்டுவிட வேண்டியதுதான்.

நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றால், இரண்டாவது முறை திறப்பது முதல் முறையைவிடக் கவனமான வேலை. பழைய ஆபரேஷனுக்குப் பிறகு விரிந்த வலது அறை மார்பெலும்பின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பை அறுக்கும் ரம்பத்துக்கும் அறைக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால் நல்ல குழு சி.டி.யில் அந்த இடைவெளியை முன்பே அளந்து வைத்திருக்கும், தேவைப்பட்டால் தொடையில் இதய நுரையீரல் இயந்திரத்துக்கான குழாய்களைத் தயாராக வைத்துக்கொண்டுதான் எலும்பைத் தொடும். அனுபவமுள்ள இடங்களில் உயிராபத்து 100ல் ஒன்று முதல் இரண்டு. அது சிறிய எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. எத்தனை பேருக்கு இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்து நுரையீரல் வால்வு வைத்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படபடப்போ மயக்கமோ எப்போதாவது வந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வால்வு வைப்பதற்கு முன்போ அதே ஆபரேஷனிலோ துடிப்புக் கோளாறுக்குக் காரணமான மின்பாதையைச் சரிசெய்வது எளிது.

எல்லாம் சரியாகப் போனால் ஐ.சி.யு.வில் ஓரிரு நாள், வார்டில் ஒரு வாரம். எலும்பு கூட இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை ஸ்கூட்டி ஓட்டக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கக் கூடாது. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் இருக்கிறது. தொடை வழி வால்வின் விலை தனி. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன் ஒரு பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல்லை எல்லாம் சரிசெய்துவிடுங்கள். வால்வு வைத்த பிறகு ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கி வால்வில் உட்கார்ந்தால் அது பெரிய நோய். அதன் பிறகு ஒவ்வொரு முறை பல் பிடுங்கும்போதும், ஆழமாகக் கிளீன் செய்யும்போதும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் போட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். இதை அவளே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 19 வயதாகிவிட்டது, டாக்டர் அறையில் உங்களுக்குப் பதில் அவளைப் பேசவிடுங்கள்.

கடைசியாக, 4 வயதில் நடந்த ஆபரேஷனின் குறிப்பு உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். டிஸ்சார்ஜ் தாள் போதாது, ஆபரேஷன் நோட் வேண்டும். ஒட்டுப்போட்டார்களா, கரோனரி எந்தப் பக்கம் போகிறது, நுரையீரலின் இரண்டு கிளைக் குழாய்களையும் பெரிதாக்கினார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பீரோவில் கிடைக்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு, அவளுடைய பழைய ஓ.பி. எண்ணோடு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு நேரில் போங்கள். போனில் கேட்டால் கிடைக்காது.